ஒரு நாள் தாமதம், ஓர் ஆண்டு வரி

தெள்ளாரில் நெய்த ஒரு பட்டுச் சேலை திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நெய்த கை, விலை, மஞ்சள் பை எல்லாம் அதேதான். ஆனால் மாநில எல்லையைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு சரக்காகிவிடுகிறது. இதே சேலை சென்னைக்குப் போயிருந்தால் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும். புதுச்சேரிக்கு என்றால், சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில் எடுத்தாக வேண்டும். எட்டாயிரம் ரூபாய்ச் சேலை ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இதுதான் விதி. எடுக்காமல் பஸ் ஏறினால், பதிவு எண் இல்லாமலே வியாபாரம் செய்ய அந்த நெசவாளருக்குச் சட்டம் கொடுத்திருந்த விலக்கே ஆட்டம் காணும்.

விஷயம் இதுதான். பொருள் விற்கும் சிறு வியாபாரி ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை விற்றால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சேலை ஒன்று 12,000 ரூபாய் என்று வைத்தால் 333 சேலை. தறியிலிருந்து ஒரு சேலை அறுக்க, வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு வாரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வீட்டில் இரண்டு தறி ஓடினாலும் அந்த எண்ணிக்கையை ஒரு குடும்பம் தொடப்போவதில்லை. ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. கைவினைப் பொருள் செய்பவர்கள் இதில் நசுங்கிவிடக்கூடாது என்று 2017 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. 2018 அக்டோபரில் அது புது வடிவம் பெற்றது. கைத்தறித் துணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிபந்தனைகளும் கூடவே வந்தன. விற்றுமுதல் வரம்புக்குள் இருக்க வேண்டும் (இந்தச் சலுகைக்கு அதை 20 லட்சம் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்). பான் எண் வேண்டும். இ-வே பில் வேண்டும். சாதாரணமாக மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில். பதிவில்லாத கைவினைஞருக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது, ஒரு ரூபாய்ச் சரக்கானாலும் எடுக்க வேண்டும். சலுகை பெறுபவர்மீது சலுகை பெறாதவரைவிடக் கடுமையான விதி! கணக்குத் தெரியாத ஆளுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, கணக்குத் தெரிந்தவருக்கே குழப்பம் தரும் காகிதத்தை அவர் தலையில் வைப்பது நம் ஊர் சட்டம் எழுதுபவர்களுக்குக் கைவந்த கலை.

வழியில் மடக்கினால் என்ன ஆகும்? பட்டுச் சேலைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்ச் சேலை மூட்டைக்கு வரி 5,000. சரக்கின் உரிமையாளர் முன்வந்து அபராதம் கட்டி விடுவிப்பதென்றால் வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 10,000. வரியே கட்ட வேண்டியிராத ஒருவர் காகிதம் இல்லாததால் பத்தாயிரம் கட்டிவிட்டுத் திரும்புகிறார்.

ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கும் சேலை எல்லாம் ஆரணி நகருக்குள் நெய்தது அல்ல. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டக் கிராமங்களின் குழித்தறிகளில்தான் அந்தப் பெயர் வாழ்கிறது. பெரும்பாலானவர்கள் தாங்களே விற்பதும் இல்லை. முதலாளியிடமிருந்தோ கூட்டுறவு சங்கத்திடமிருந்தோ பாவு, ஊடை, ஜரிகை வாங்கி வந்து, நெய்து கொடுத்து, கூலி வாங்குகிறார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி. என்பது யாரோ ஒருவருடைய தலைவலி. ஆனால் பாவு கொடுக்கும் முதலாளி பதிவு பெற்றவராக இருந்தால், அவருக்கும் ஒரு விலக்கும் அதோடு ஒட்டிய ஒரு கெடுவும் உண்டு. நூலையும் ஜரிகையையும் நெசவாளர் வீட்டுக்கு அனுப்பும்போது வரி இல்லை. ஆனால் டெலிவரி சலான் போட்டு அனுப்ப வேண்டும், ஓராண்டுக்குள் துணியாகவோ நூலாகவோ திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாவு ஓட்டி முடிக்காமல் தறி நின்று கிடக்கும் வீட்டில் ஓராண்டு ஓடுவது தெரியாது.

தெள்ளார்க்காரர்களுக்கு வரி விலக்கும் அதன் சடங்குகளும் புதிய சேதி இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியப் படையை முறியடித்த களம் இந்த ஊர். தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்றே அவன் பெயர் கல்வெட்டுகளில் நிலைத்தது. அந்தப் பல்லவர்களின் செப்பேடுகளில் நிலம் தானம் கொடுக்கும் இடத்தில், இன்னின்ன வரிகள் இனி அந்த ஊரில் இல்லை என்று ஒரு பட்டியல் வரும். செக்குக்கு வரி, தறிக்கு வரி இரண்டும் அதில் இருக்கும். தறி மேல் அரசாங்கத்துக்குக் கண் விழுந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

சோழர் காலத்தில் இறையிலி, அதாவது வரியில்லா நிலம் என்று ஒன்றை ஆக்குவதற்குப் பின்னால் இருந்த காகித வேலையைப் பார்த்தால் இன்றைய ஆடிட்டர்களே மலைப்பார்கள். அரசன் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுத ஓர் அதிகாரி, எழுதியது சரிதானா என்று பார்க்க ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களம். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று ஆளுக்கொரு பதவி. வரிப் புத்தகத்தில் பதிவு ஏறிய பிறகுதான் ஊரில் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டுவார்கள். முதலாம் இராசராசன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுக்கச் சொன்னான். அது செப்பேடாக நிலைபெற்றது மகன் இராசேந்திரன் காலத்தில். அரசன் சொன்னாலே போதும் என்ற காலத்திலும், சொன்னது மட்டும் போதவில்லை.

அந்த யானைக்கு இன்றைய பெயர் ரிட்டர்ன். அது எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும் என்பதில்தான் நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் அடிபட்டன.

வருமான வரிச் சட்டத்தில் கூட்டுறவு சங்கங்களுக்கென்று 80-பி (80P) என்ற பிரிவு இருக்கிறது. குடிசைத் தொழில் நடத்தும் சங்கத்துக்கு அந்தத் தொழிலில் வரும் லாபம் முழுவதையும் கழித்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. நெசவாளர் சங்கம் குடிசைத் தொழிலா என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. நூல் வாங்கிக் கொடுப்பதும் சேலை வாங்கி விற்பதும் சங்கம், நெய்வது மட்டும்தானே உறுப்பினர் என்று அதிகாரிகள் கேட்டார்கள். 1995இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை மூலம் அதற்குப் பதில் சொன்னது. உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலோ சங்கம் ஏற்படுத்திய பொது இடத்திலோ, வெளியாளைக் கூலிக்கு வைக்காமல் நெய்தால் அது குடிசைத் தொழில்தான். தகுதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தேதிப் பிரச்சினை 2018இல் பிறந்தது. அருண் ஜெட்லி தாக்கல் செய்த அந்த ஆண்டு பட்ஜெட்டோடு வந்த நிதிச் சட்டம், 80-ஏசி என்ற பிரிவை விரித்து எழுதியது. அதுவரை சில தொழில்களுக்கான சலுகைகளுக்கு மட்டும் இருந்த ஒரு நிபந்தனை 80-பி உள்பட ஒரு கூட்டம் சலுகைகளுக்குப் பரவியது. நிபந்தனை ஒரே வரிதான்: உரிய கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால்தான் கழிவு. 2018–19 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமல். கணக்குத் தணிக்கை தேவைப்படும் சங்கங்களுக்கு இப்போது அந்தக் கெடு அக்டோபர் 31.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஆண்டு லாபம் 12 லட்சம் ரூபாய். அக்டோபர் 31 அன்று ரிட்டர்ன் போட்டால் வரி பூஜ்யம். நவம்பர் 1 அன்று போட்டால்? கூட்டுறவு சங்கத்துக்கான பழைய விகிதப்படி முதல் பத்தாயிரத்துக்கு 10 சதவீதம், அடுத்த பத்தாயிரத்துக்கு 20, மீதிக்கு 30. வரி 3,57,000 ரூபாய். அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 3,71,280. தாமதக் கட்டணமும் வட்டியும் தனி. உறுப்பினர்களுக்குத் தீபாவளி போனஸாகப் போக வேண்டிய பணம் இது. ஒரே நாள் தாமதத்துக்கு இத்தனை.

சங்கத்துச் செயலாளர் சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் படட்டும் என்று விடலாம். ஆனால் தமிழ்நாட்டில் கூட்டுறவு சங்கத்தின் கணக்கை யார் தணிக்கை செய்வது? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டப்படி அது மாநில அரசின் கூட்டுறவுத் தணிக்கைத் துறையின் வேலை. தெருமுனை ஆடிட்டரைக் கூப்பிட்டு முடித்துக்கொள்ளும் காரியம் கிடையாது. துறையிலிருந்து ஆள் வர வேண்டும், வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் கையில் பல சங்கங்கள். சங்கத்து மேஜையில் பில் கட்டுகளும் நூல் இருப்புப் பதிவேடும் ஜரிகை எடைக் குறிப்பும் அடுக்கி வைத்து, தூசு தட்டி, மறுபடி தூசு படிந்து, ஒருவழியாகத் தணிக்கை முடியும்போது மழைக்காலம் வந்துவிடும். மாநில அரசின் தணிக்கை தாமதமாக, மத்திய அரசின் சலுகை கைவிட்டுப் போக, நடுவில் நிற்கிறது சங்கம்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனது. வீரப்பம்பாளையம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெயரால் அறியப்படும் தீர்ப்பு அது. 2021 ஏப்ரலில் நீதிபதி அனிதா சுமந்த் வழங்கினார். பெங்களூருவில் உள்ள வருமான வரி மையம் ரிட்டர்ன்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போதே, தாமதமாக வந்தவற்றின் 80-பி கழிவை வெட்டியிருந்தது. விசாரணை இல்லாமல், மேலோட்டமாகப் பார்க்கும் கட்டத்திலேயே இப்படி வெட்டலாமா என்பது சங்கங்களின் கேள்வி. சட்டம் கெடுவைக் கட்டாயம் என்று சொல்லிவிட்ட பிறகு, கெடு தாண்டிய ரிட்டர்னில் கழிவு கேட்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும் தவறுதான் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு நிதிச் சட்டம், இப்படி வெட்டும் அதிகாரத்தை வெளிப்படையாகவே எழுதி வைத்தது. சந்தேகத்துக்கு இருந்த இண்டு இடுக்கும் அடைந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்புதான், 2021 ஜனவரியில், கேரளத்தின் மாவிலாயி சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 80-பி பிரிவைத் தாராள மனத்தோடு படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. கூட்டுறவு இயக்கத்தை வளர்க்கத்தானே அந்தப் பிரிவு வந்தது என்பது அதன் நியாயம். அப்படியானால் யாருக்குச் சலுகை என்ற கேள்விக்குக் கை தாராளம். எப்போது கேட்டாய் என்ற கேள்விக்குக் கை இறுக்கம்.

நீதிமன்றங்களின் மனம் இந்த விஷயத்தில் அரை நூற்றாண்டாக ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊசலின் ஒரு முனையில் ஒரு தறிக் கதை இருப்பது தற்செயல்தான். விசைத்தறி உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு சங்கத்தில் உற்பத்தியாகும் பருத்தித் துணிக்கு அறுபதுகளில் கலால் வரி விலக்கு இருந்தது. ஹன்ஸ்ராஜ் கோர்தன்தாஸ் என்ற வியாபாரி நூலைச் சங்கத்திடம் கொடுத்து, நெசவுக் கூலி கட்டி, துணியை வாங்கிக்கொண்டார். நூலும் உன்னுடையது, துணியும் உன்னுடையது, சங்கம் உனக்கு வேலை செய்து கொடுத்தது அவ்வளவுதான், ஆகவே விலக்கு உனக்கில்லை என்றது கலால் துறை. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கத்தில் உற்பத்தியான துணி என்றுதான் அறிவிக்கை சொல்கிறது, துணி யாருக்குச் சொந்தம் என்று அது கேட்கவே இல்லை. எழுதியதைப் படி, எழுதாததைச் சேர்க்காதே என்று தீர்ப்பானது. எழுத்துக்கு எழுத்து படிப்பது எப்போதும் அரசுக்கே சாதகம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம்.

1991இல் மங்களூர் கெமிக்கல்ஸ் வழக்கு. புதிய தொழிற்சாலைக்குக் கர்நாடக அரசு விற்பனை வரிச் சலுகை கொடுத்திருந்தது. திரும்பக் கிடைக்க வேண்டிய வரியைக் கட்ட வேண்டிய வரியில் நேர்செய்துகொள்ளலாம், ஆனால் முன்கூட்டியே துணை ஆணையரின் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனி அனுமதி கேட்டது. துறை கொடுக்காமல் இழுத்தது. பிறகு, அனுமதி இல்லாமல் நேர்செய்தாயே என்று அதே துறை வரி கேட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எம்.என். வெங்கடாசலையா எழுதிய தீர்ப்பு இன்றுவரை வக்கீல்கள் கையில் முதல் ஆயுதம். சலுகையின் நோக்கத்தோடு பின்னிய நிபந்தனைகள் சில, வெறும் நடைமுறைக்கான நிபந்தனைகள் சில. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. கம்பெனிக்குத் தகுதி இருந்தது, அனுமதி தராதது துறையின் குற்றம். கம்பெனி ஜெயித்தது.

ஆனால் 2010 நவம்பரில் ஹரிசந்த் ஸ்ரீ கோபால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இறுக்கிப் பிடித்தது. மெல்லும் புகையிலையில் சேர்க்கும் கிமாம் என்ற கலவைக்குக் கலால் விலக்குக் கேட்ட வழக்கு. ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு வரியில்லாமல் சரக்கு போக வேண்டுமானால் அதற்கென்று வகுத்த நடைமுறை உண்டு. கம்பெனி அதைப் பின்பற்றவில்லை. சரக்கு எங்களிடமேதான் பயன்பட்டது, பெருமளவு நிறைவேற்றிவிட்டோம் என்றது. சரக்கு உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சரிபார்க்கத்தான் அந்த நடைமுறையே, அதைத் தவிர்த்துவிட்டுப் பெருமளவு என்று பேசக்கூடாது என்று நீதிமன்றம் மறுத்தது. 2018 ஜூலையில் திலீப் குமார் அண்ட் கம்பெனி வழக்கில் இன்னொரு ஐவர் அமர்வு ஒரு படி மேலே போனது. விலக்கு அறிவிக்கையில் பொருள் தெளிவில்லாமல் இருந்தால் அந்தச் சந்தேகத்தின் பலன் அரசுக்கே. தகுதியை நிரூபிக்கும் சுமை சலுகை கேட்பவருடையது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? வக்கீல்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்: காகிதம் ஆதாரத்துக்காக என்றால் தாமதம் மன்னிக்கப்படும், காகிதமே நிபந்தனை என்றால் மன்னிப்பு இல்லை. நடைமுறையில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடுவதில்லை. ஏ.கே.எஸ். அலாய்ஸ் வழக்கில் தணிக்கை அறிக்கையை ரிட்டர்னோடு இணைக்காமல் பிறகு கொடுத்த கம்பெனிக்குச் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு கொடுத்தது. வரி நிர்ணயம் முடிவதற்குள் கொடுத்தால் போதும் என்றது. 2015இல் ஜி.எம். நிட்டிங் வழக்கோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஏழே ஆண்டு கழித்து, 2022 ஜூலையில், விப்ரோ கம்பெனி அதே வாதத்தோடு வந்தது. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கான 10-பி (10B) விலக்கு வேண்டாம் என்று எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால், நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். விப்ரோ 2001 அக்டோபர் 31 அன்று ரிட்டர்ன் போட்டது. வேண்டாம் என்ற கடிதத்தை 2002 அக்டோபர் 24 அன்று கொடுத்தது. கடிதமும் வேண்டும், கெடு தேதிக்குள்ளும் வேண்டும், இரண்டும் கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். கர்நாடக உயர்நீதிமன்றத்தில் ஜெயித்திருந்த விப்ரோ தோற்றது. அந்த நஷ்டத் தொகை பதினைந்து கோடிக்கு மேல்.

விப்ரோவிடம் ஆடிட்டர் படையே இருந்தது. அவர்களுக்கே தவறியது என்றால், மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஒரு எழுத்தரோடு நடக்கும் நெசவாளர் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சறுக்கலுக்கும் இவ்வளவு பெரிய விலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இ-வே பில்லில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, பின்கோடு தவறு, வண்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறியது போன்றவற்றுக்கு வண்டியைப் பிடித்து வைக்கக்கூடாது, மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டுவிட வேண்டும் என்று 2018 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வழியில் மடக்கும்போது இதை அச்செடுத்துக் காட்டினால் பேச்சின் தொனி மாறும். தெலங்கானாவில் சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற காகித வியாபாரிக்கு நடந்தது இன்னும் சுவையானது. போராட்டத்தால் சாலை மறியலாகி, வண்டி போய்ச் சேர்வதற்குள் இ-வே பில்லின் காலம் முடிந்துவிட்டது. வரி ஏய்ப்பு என்று சொல்லி 69,000 ரூபாய் வாங்கினார்கள். காலாவதியானதாலேயே ஏய்ப்பு எண்ணம் வந்துவிடாது என்று உயர்நீதிமன்றம் சொல்லி, 10,000 ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. துறை விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியதோடு, செலவுத் தொகையில் இன்னும் 59,000 ரூபாயைக் கூட்டியது. கூட்டிப் பார்த்தால் அதே 69,000. நீதிபதிகளுக்கும் கணக்கில் ஒரு குறும்பு உண்டு போலும்.

கூட்டுறவு சங்கங்களுக்குத் தீர்வு நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. 2023 ஜூலை 26 அன்று நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 13ஆம் எண் சுற்றறிக்கையிலிருந்து வந்தது. 2018–19 முதல் 2022–23 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு, கெடு தாண்டி ரிட்டர்ன் போட்ட சங்கங்களின் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆணையர்களிடம் அது கொடுத்தது. மாநிலச் சட்டப்படி நியமிக்கப்படும் தணிக்கையாளரால் நேர்ந்த தாமதத்தை ஒரு காரணமாகவே அது எழுதியிருந்தது. தணிக்கை முடிந்த தேதியையும் ரிட்டர்ன் கெடுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் இன்னொரு சுற்றறிக்கை வந்து 2023–24 மதிப்பீட்டு ஆண்டையும் சேர்த்தது.

நல்ல காரியம்தான், ஆனால் அரைக் காரியம். நோயை விட்டுவிட்டு ஆண்டுக்கொரு மாத்திரை கொடுப்பது இது. மாநில அரசு தன் தணிக்கையை ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கும் தேவையே வராது. அல்லது, அரசுத் தணிக்கையாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் சங்கத்துக்கு அந்தக் கையெழுத்து விழுந்த தேதியிலிருந்து கெடு எண்ண வேண்டும் என்று 80-ஏசி பிரிவிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். இரண்டையும் செய்யாமல், ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக மனுப் போட்டு, தான் தவறு செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மனுவே போடத் தெரியாத சங்கம் என்ன செய்யும் என்ற கேள்விக்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

மனுவுக்குக் கேட்கப்படுவது ஆதாரம். தணிக்கைக்கு வரும்படி சங்கம் எப்போது எழுதியது, நினைவூட்டல் எப்போது போனது, தணிக்கை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது. இவை வாய்ப் பேச்சாக இருந்தால் பயனில்லை. மே மாதமே தணிக்கை கேட்டுக் கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகலை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கும் சங்கத்துக்கு வேலை எளிது. நேரில் பார்த்துச் சொன்னோம், வரேன்னு சொன்னாரு என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

அதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. வரிச் சட்டம் கேட்பது கெடுவுக்குள் ரிட்டர்ன். தணிக்கை முடியவில்லை என்றாலும், சங்கத்தின் சொந்தக் கணக்கை வைத்து அக்டோபர் 31க்குள் ரிட்டர்ன் போட்டு 80-பி கழிவையும் கேட்டுவிடலாம். தணிக்கைக்குப் பிறகு எண்கள் மாறினால் திருத்திய ரிட்டர்ன் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தணிக்கை முடியாத கணக்கைக் கொடுப்பது தப்பு என்று பயந்து காத்திருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். சங்கத்து ஆடிட்டரிடம் இதை ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

தெள்ளார்ப் பக்கம் தனியாகச் சேலை விற்கும் நெசவாளர் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பான் அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஆன்லைன் தளங்களில் விற்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பான் எண்ணோடு இணையத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். புதுச்சேரிக்கோ திருப்பதிக்கோ பெங்களூருக்கோ சேலை எடுத்துப் போவதென்றால் பஸ் ஏறுவதற்கு முந்தின நாளே இ-வே பில் போட்டு வையுங்கள். போனிலேயே எடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.